ஒரு சாணி, ஐந்து வண்டு

என் நோட்டில் முதல் நாள் கணக்கு இப்படி இருக்கிறது: சாணி 1, வண்டு 14, வகை 5. அந்த ஐந்து தப்பு என்று தெரிய எனக்கு நாலு மாதம் பிடித்தது. கூடிப் போய்விட்டதா, குறைந்து போய்விட்டதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் கையில் வெர்னியர் அளவுகோல் இருக்கும். டிராயிங்கில் 12 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் அது 12தான். அரை மில்லி ஏறினாலும் சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். இரண்டு பீஸ் வேறு வேறு வடிவத்தில் இருந்தால் அவை இரண்டுக்கும் வேறு வேறு பார்ட் நம்பர். பதினோரு வருஷமாக இப்படியே பார்த்துப் பழகிய கண். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வண்டு பார்க்கப் போனதுதான் முதல் தப்பு.

ஊர் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற பக்கம். சனிக்கிழமை ராத்திரி போய், திங்கள் விடியற்காலை பஸ் பிடித்துத் திரும்புவேன். அப்பாவிடம் இரண்டு ஜெர்சி மாடு, அப்புறம் வேலை ஓய்ந்துபோன ஆலம்பாடி எருது ஒன்று. எங்கள் பக்கத்து இனம் அது. காவிரிக் கரைக் காடுகளில் பட்டி போட்டு மேய்த்த மாடுகள். இப்போது பட்டிகளும் குறைந்துவிட்டன, ஆலம்பாடியும் குறைந்துவிட்டது. இந்த எருதை விற்காததற்கு அப்பா காரணம் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

வைகாசியில் கோடை மழை இரண்டு பெய்திருந்தது. எருது புளியமரத்தடியில் காலையில் போட்ட சாணியை மாலையில் தற்செயலாகப் பார்த்தேன். மேலே சல்லடை மாதிரி ஓட்டை. ஓரத்தில் புதுச் செம்மண் சின்னச் சின்னக் குவியலாக வெளியே தள்ளிக் கிடந்தது. சாணியே ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. குச்சியால் பிளந்தேன். உள்ளே ஒரு சந்தையே நடந்துகொண்டிருந்தது.

ஆயா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஏன் கண்ணு, சாணியில என்னத்தத் தேடற?"

"வண்டு ஆயா. அஞ்சு வகை இருக்குது."

"அஞ்சா? எல்லாம் பீ வண்டுதான் சாமி. கையக் கழுவிட்டு வந்து களி தின்னு."

ஆயாவுக்கு ஒரு பெயர் போதும். எனக்குத்தான் போதவில்லை.

சாணி வண்டு என்றால் உருண்டை பிடித்துப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். டிவியில் காட்டுவதும் அதைத்தான். உண்மையில் உருட்டுகிறவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை சாணிக்கு அடியிலேயே நேராகச் சுரங்கம் தோண்டி, சாணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டு போகிறவை. இன்னும் சில எங்கேயும் போவதில்லை, சாணிக்குள்ளேயே குடும்பம் நடத்துகின்றன. உருட்டி, தோண்டி, குடியிருப்பவன் என்று மூன்று பிழைப்பு. உருட்டுகிறவை எங்கள் பக்கமும் உண்டு. நான் பிளந்த சாணியில் ஒன்றுகூட இல்லை.

14 வண்டையும் காலி ஊறுகாய் டப்பாவில் போட்டேன். வலியில்லாமல் அடங்க வேண்டுமானால் ஃப்ரீசரில் வைக்கலாம் என்று படித்திருந்தேன், வைத்தேன். மறுநாள் காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போன அம்மா டப்பாவைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது. டப்பாவில் 'வண்டு, திறக்காதே' என்று பேப்பர் ஒட்டியிருந்தால் பிரச்சினை பாதி குறைந்திருக்கும். தரப் பரிசோதனைக்காரன் லேபிள் ஒட்ட மறந்தது கேவலம்தான்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்றைப் பழைய விலைக்குக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு, வெள்ளைப் பீங்கான் தட்டில் வண்டைப் போட்டு, தேய்ந்த டூத் பிரஷ்ஷால் சாணியைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் கறுப்பு என்பது ஒரு நிறம் இல்லை என்று புரிந்தது. தூரத்தில் கரித்துண்டு மாதிரி இருந்தது, வெயில் சாய்வாக விழுந்ததும் தலையிலும் கழுத்துக் கவசத்திலும் பழைய செப்புக் குடத்தின் மங்கல் பளபளப்பு காட்டியது. நீளம் 8.4 மில்லிமீட்டர். உடம்பு குட்டையாக, கூனிக்கொண்டு, ஒரு புளியங்கொட்டையை நிமிர்த்தி வைத்த மாதிரி. கழுத்துக் கவசம் முழுக்க ஊசியால் குத்தினது போலப் புள்ளிகள். மேல் சிறகுகளில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள், உழுத வயலின் சால் மாதிரி. அந்த மேல் சிறகு பறப்பதற்கு இல்லை, மூடிதான். பறக்கிற சிறகு அதற்கடியில் மடித்து வைத்திருக்கும். வண்டினம் முழுமைக்கும் இருக்கிற கோலியாப்டெரா என்ற கிரேக்கப் பெயருக்கே உறைச் சிறகு என்றுதான் பொருள். மூடி கடைசிவரை போவதில்லை, பின்புறம் கொஞ்சம் வெளியே தெரிகிறது. சின்ன வயசுச் சட்டையைப் பெரிய பையன் போட்டுக்கொண்ட மாதிரி.

தலை தட்டை. முன்பக்கம் அகலமாக மண்வெட்டி போல நீண்டு, வாயை மேலிருந்து முழுக்க மூடிவிடுகிறது. முன்னங்கால் இன்னொரு மண்வெட்டி. வெளி ஓரத்தில் நாலு பல். கண்ணைப் பார்த்து அசந்து போனேன். தலையின் ஓரத்திலிருந்து ஒரு விளிம்பு கண்ணுக்குள் புகுந்து மேல்கண், கீழ்கண் என்று பிரிக்கப் பார்க்கிறது. மண்ணுக்குள் முட்டிக்கொண்டு போகிற பிழைப்புக்கு இப்படி ஒரு வரப்பு தேவைதான்போல.

இது ஸ்காரப் குடும்பம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? மீசையை வைத்து. பாடப்புத்தகத்தில் அதற்கு உணர்கொம்பு என்று பெயர். இந்தக் கட்டுரையில் நிஜக் கொம்பு வேறு வரப்போவதால் மீசை என்றே வைத்துக்கொள்கிறேன். மீசையின் நுனியில் மூன்று சின்னத் தகடுகள். மூடியிருந்தால் குமிழ் மாதிரி, விரித்தால் விசிறி மாதிரி. காற்றில் சாணி வாசனை எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பது இந்த விசிறிதான். தென்னையைக் குடைகிற காண்டாமிருக வண்டு, நிலக்கடலை வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவின் தாய் வண்டு, எகிப்துக்காரர்கள் கல்லில் செதுக்கிக் கும்பிட்ட வண்டு எல்லாவற்றுக்கும் இதே தகட்டு மீசை. புழுப் பருவத்தில் எல்லாம் வளைந்து அரிவாள் மாதிரி படுத்திருக்கும். எருக்குழியை வெட்டும்போது வெள்ளையாக, கொழுக்கட்டை மாதிரி வருமே, அந்தச் சாயல்தான். இந்தக் குடும்பத்தில் மட்டும் 30,000 இனங்களுக்கு மேல் பெயர் வைத்திருக்கிறார்கள். பொன்வண்டு இதில் சேராது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டியில் வளர்த்தது வேறு குடும்பம்.

வாய் இன்னொரு வேடிக்கை. சாணி தின்னும் வண்டுக்குக் கடிக்கிற பல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வளர்ந்த வண்டின் தாடை மெத்தென்று சவ்வு மாதிரி இருக்கும். அது சாணியில் இருக்கும் நாரைத் தின்பதில்லை. சாற்றையும் அதில் மிதக்கும் நுண்துகளையும் வடிகட்டி உறிஞ்சுகிறது. நாரை மென்று தின்பது புழுதான். ஆகவே ஆயாவின் பீ வண்டு சாணி தின்கிறது என்பதைவிடச் சாணிரசம் குடிக்கிறது என்பதுதான் சரி.

இனி வகைப்பாடு. புத்தகத்தில் ஏணிப்படி மாதிரி வரைந்திருப்பார்கள். விலங்கு, கணுக்காலி, பூச்சி, வண்டினம், ஸ்காரப் குடும்பம், அதில் சாணி வண்டுத் துணைக்குடும்பம், அதற்குள் கூட்டம், பேரினம், இனம். ஏணி எனக்கு மண்டையில் ஏறவில்லை. எங்கள் பக்கத்து வகையறாக் கணக்கில் போட்டுப் பார்த்ததும் ஏறிவிட்டது. கோயில் திருவிழாவுக்கு வரி வாங்கும்போது யார் பங்காளி, யார் மாமன் மச்சான், யார் வெறும் ஊர்க்காரர் என்று பிரிப்பார்கள் இல்லையா, அப்படித்தான். ஒரே பேரினத்தில் இருப்பவை பங்காளிகள். துணைக்குடும்பம் வரைக்கும் ஒன்றாக வந்து கூட்டத்தில் பிரிபவை மாமன் மச்சான். துணைக்குடும்பமே வேறு என்றால் ஒரே ஊர், அவ்வளவுதான்.

என் டப்பாவில் ஐந்து வகைக்கும் நானே பெயர் வைத்திருந்தேன். தலையின் பின்பக்கம் இரண்டு கொம்பு நீட்டியது கொம்பன். அதே கறுப்பு, கொம்பில்லாதது மொட்டை. தலையில் குறுக்காக இரண்டு வரப்பு ஓடுவது வரப்பன். மேல் சிறகின் ஓரம் முழுக்க வெளிர்மஞ்சள் கரை போட்டது வேட்டிக்காரன். எல்லாவற்றிலும் சிறியதாக, நீளவாக்கில் உருளையாக இருந்தது அரிசி.

வேட்டிக்காரனையும் அரிசியையும் பிரிப்பது சுலபமாக இருந்தது. மேல் சிறகுகள் இரண்டும் கழுத்துக் கவசத்தைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்ன முக்கோணம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கொம்பன், மொட்டை, வரப்பன் மூன்றுக்கும் தெரியவில்லை. வேட்டிக்காரனுக்குத் துளியூண்டு தெரிந்தது. அரிசிக்கு நன்றாகவே தெரிந்தது. அந்த முக்கோணம் மறைந்திருப்பது ஆந்தோஃபேகஸ் வகையறாவின் அடையாளம். வேட்டிக்காரன் ஓனிடிசெல்லஸ் பேரினம், மாமன் மச்சான். இது தோண்டாமல் சாணிக்குள்ளேயே கூடு கட்டுகிற ஆள். அரிசி ஏஃபோடியஸ் வகை, ஊர்க்காரர் மட்டும். அதன் பின்காலை லென்ஸில் பார்த்தால் கீழ்முனையில் இரண்டு முள் இருக்கும். மற்ற நாலுக்கும் ஒன்றுதான். இவ்வளவு சின்ன முள்ளை வைத்து ஒரு துணைக்குடும்பத்தையே பிரித்து வைத்த மனிதர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது. தொழில் முறையில் சொல்கிறேன், நல்ல இன்ஸ்பெக்டர்கள்.

அப்படி ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்காரப் குடும்பத்துக்கும் ஆந்தோஃபேகஸ் பேரினத்துக்கும் 1802இல் பெயர் வைத்தவர் பியேர் ஆந்த்ரே லத்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர். பாதிரியார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாதிரியார்களைப் பிடித்து உள்ளே போட்டபோது இவரும் போர்தோ நகரத்துச் சிறையில் கிடந்தார், நாடுகடத்தல் காத்திருந்தது. கைதிகளைப் பார்க்க வந்த வைத்தியர், இவர் தரையில் ஊர்ந்த ஒரு சின்ன வண்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். நெக்ரோபியா ரூஃபிகாலிஸ், செங்கழுத்து வண்டு. அரிதானது என்று லத்ரேய் சொல்ல, வைத்தியர் அதை வாங்கிப் பூச்சி சேகரிக்கும் பையன் ஒருவனிடம் கொண்டு போய்க் கொடுத்தார். பையனுக்கு லத்ரேய் யார் என்று தெரிந்திருந்தது. அவன் ஆள் பிடித்து, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி, லத்ரேயை வெளியே எடுத்தான். அந்த வண்டு ஸ்காரப் இல்லை, வேறு குடும்பம். ஆனால் அது அன்று அந்தத் தரையில் ஊர்ந்திராவிட்டால் என் டப்பாவில் இருப்பதற்கு இன்று வேறு யாரோ வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

ஆந்தோஃபேகஸ் என்றால் கிரேக்கத்தில் என்ன பொருள் தெரியுமா? சாணி தின்னி. இதை ஆயாவிடம் சொன்னேன். "அதத்தானடா நானும் சொன்னேன்" என்றார்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பூச்சிகளுக்குப் பெயர் வைத்தவர்களில் பெரிய கை டென்மார்க்கின் ஃபாப்ரிசியஸ். உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த ஸ்வீடன்காரர் லின்னேயஸின் மாணவர். லின்னேயஸின் இன்னொரு மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கூனிக் 1768 வாக்கில் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்தார். செடியும் பூச்சியும் பொறுக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தரங்கம்பாடி மிஷனரிகளும் அனுப்பினார்கள். ஃபாப்ரிசியஸ் எழுதிய வர்ணனைகளில் பல இடத்தில் தரங்கம்பாடியின் பெயர் லத்தீன் வேஷத்தில் வரும். நம் ஊர் மாட்டுக்கடியிலிருந்து பொறுக்கிய வண்டுகள் கப்பல் ஏறிக் கோபன்ஹேகனில் பெயர் வாங்கியிருக்கின்றன.

லின்னேயஸ் பூச்சிகளைச் சிறகை வைத்துப் பிரித்தார். அவர் மாணவர் ஃபாப்ரிசியஸ், சிறகு ஏமாற்றும் என்று வாயை வைத்துப் பிரித்தார். தொல்காப்பியம் மரபியலில் புலனை வைத்துப் பிரித்திருக்கிறது: சிதலும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு. நண்டையும் வண்டையும் ஒரே வரியில் வைத்ததைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் சிரித்திருக்கிறோம். இன்றைய கணக்கிலும் இரண்டும் கணுக்காலிகள்தான் என்று இப்போது படித்ததும் சிரிப்பு அடங்கியது. அதற்காக எல்லாம் அன்றே தெரியும் என்று கிளம்புகிறவர்களோடு நான் சேரவில்லை. எதை அளவுகோலாக எடுத்தாலும் சில இடத்தில் பொருந்தும், சில இடத்தில் கவிழ்த்துவிடும். நான் எடுத்த அளவுகோல் கொம்பு. அது என்னைக் கவிழ்த்தது.

கொம்பன், மொட்டை, வரப்பன். என் கண்ணுக்கு மூன்று பார்ட் நம்பர். கொம்பனின் கொம்பு தலையின் பின்விளிம்பிலிருந்து புறப்பட்டு முதுகுப் பக்கம் சாய்ந்து வளைந்து கிடக்கும், மாட்டுக் கொம்பு மாதிரியே. கழுத்துக் கவசத்தில் அது படிந்து உட்கார இரண்டு பள்ளம்கூட இருந்தது. மொட்டைக்கு அந்த இடத்தில் வெறும் முண்டு. வரப்பனுக்குக் குறுக்கு வரப்புகள். இவ்வளவு வித்தியாசத்தை நீங்களாக இருந்தாலும் மூன்று என்றுதான் எழுதியிருப்பீர்கள்.

அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் வண்டு சேர்த்தேன். கொம்பு நீளத்தை அளந்து, எந்த நீளத்தில் எத்தனை என்று காட்டும் கட்டப்படம் ஒன்றைக் கம்பெனியில் வரைகிற மாதிரி வரைந்தேன். ஒரே பீஸாக இருந்தால் நடுவில் ஒரு மேடு வர வேண்டும். எனக்கு இரண்டு மேடு வந்தது. நீளக் கொம்பு ஒரு பக்கம், கிட்டத்தட்டக் கொம்பே இல்லாதது இன்னொரு பக்கம், நடுவில் பள்ளம். எங்கள் தொழிலில் இப்படி இரண்டு மேடு வந்தால் ஒரே அர்த்தம்தான்: இரண்டு மெஷினில் ஓட்டியதை ஒரே பெட்டியில் கலந்துவிட்டார்கள். ஆகவே இரண்டு இனம் என்று பேனாவால் அழுத்தி எழுதினேன்.

அப்புறம்தான் டக்ளஸ் எம்லென் என்ற அமெரிக்கர் 1990களில் பனாமா காட்டில் செய்த வேலையைப் படித்தேன். அங்கே ஆந்தோஃபேகஸ் அக்யூமினேட்டஸ் என்று ஒரு பொடி வண்டு, குரங்குச் சாணத்தில் பிழைப்பது. அதிலும் ஆண்களில் கொம்பன், மொட்டை இரண்டும் உண்டு. இரண்டும் ஒரே இனம். கொம்பன் அப்பனுக்குக் கொம்பன் பிள்ளை என்பதும் இல்லை. புழுவாக இருக்கும்போது அம்மா வைத்துவிட்டுப் போன சாணி உருண்டை பெரிதாக இருந்தால் உடம்பு ஒரு அளவைத் தாண்டும், தாண்டினால் கொம்பு முளைக்கும். தாண்டாவிட்டால் முளைக்காது. நடுவில் அரைக்கொம்பு என்பது அபூர்வம். ஒரே மெஷின், ஒரே டிராயிங், மூலப்பொருள் எடை மட்டும் வேறு. பொருளை வைத்து வடிவமே மாறுகிற பீஸை நான் அதுவரை பார்த்ததில்லை.

வரப்பன் யார் என்பதற்கும் அதோடு பதில் கிடைத்தது. பெண். இந்த வகையறாவில் பெண்களின் தலையில் குறுக்கு வரப்புகள் இருப்பது வழக்கம். ஆணென்று முடிவு செய்து வரப்பன் என்று பெயர் வைத்ததற்கு அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சுரங்கம் தோண்டுவதிலும் சாணியை உள்ளே இறக்கி உருண்டை பிடிப்பதிலும் பெரும்பாடு அவளுடையது. ஒரு உருண்டைக்கு ஒரு முட்டைதான் வைப்பாள்.

கொம்பன் சுரங்க வாசலில் காவல் நிற்கிறான். வேறு ஆண் வந்தால் கொம்பை முட்டுக் கொடுத்துத் தள்ளுகிறான். மொட்டை சண்டைக்குப் போவதில்லை. பக்கத்தில் தனியாக ஒரு சந்து தோண்டிக் குறுக்கே புகுந்து, காவல்காரனுக்குத் தெரியாமல் உள்ளே போய் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறான். ஊரில் இதற்குச் சொல்கிற வார்த்தை எல்லோருக்கும் தெரியும். கொம்புக்கு விலையும் உண்டு. தலையின் பின்பக்கம் கொம்பு வளர்க்கிற ஆணுக்கு அதை ஒட்டியிருக்கும் கண் சிறுத்துப் போகிறது என்றும் எம்லென் கூட்டத்தார் காட்டியிருக்கிறார்கள். என் கொம்பனையும் மொட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு அப்படித்தான் தெரிந்தது, ஆனால் படித்துவிட்டுப் பார்த்த கண் அது.

பலம் பற்றி ஒரு வரி. இந்தப் பேரினத்தின் ஆந்தோஃபேகஸ் டாரஸ் என்ற இனத்தில் ஒரு வண்டு தன் எடையைப் போல 1,141 மடங்கை இழுத்தது என்று 2010இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். எருதுக்கு லத்தீனில் டாரஸ். எங்கள் எருது அந்தக் கணக்கில் இழுத்தால் பென்னாகரத்தையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஆகவே மூன்று ஒன்றாயிற்று. ஐந்து மூன்றாகக் குறைந்தது. நோட்டில் அடித்துத் திருத்தினேன். திருப்தியாகத்தான் இருந்தது, இரண்டு வாரம்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைகளைத் திரும்ப எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் மட்டும் பிரஷ்ஷுக்குச் சரியாகப் பளபளக்கவில்லை. சாணி போகவில்லை என்று மறுபடி தேய்த்தேன். சாணி இல்லை, முடி. கழுத்துக் கவசத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பொன்னிறத்தில் ஒரு குட்டை முடி. மற்ற மொட்டைகளுக்கு அது இல்லை. முன்விளிம்பின் நடுவில் லேசாகப் பிளவு வேறு. அளவு ஒன்று, நிறம் ஒன்று, கொம்பில்லாததும் ஒன்று. ஆனால் இது வேறு ஆள். கொம்பைப் பார்த்து ஒன்றை மூன்றாக்கினேன். கொம்பில்லாததைப் பார்த்து இரண்டை ஒன்றாக்கியிருந்தேன். நோட்டில் மூன்றை அடித்து நாலு என்று எழுதினேன், பக்கத்தில் 'குறைந்தது' என்று சேர்த்தேன்.

அந்த நாலுக்கும் முழுப் பெயர் என்ன என்று கேட்பீர்கள். ஆந்தோஃபேகஸ் பேரினத்தில் மட்டும் உலகத்தில் 2,000 இனங்களுக்கு மேல். விலங்குகளிலேயே பெரிய பேரினங்களில் ஒன்று. இத்தனை பங்காளிகள் இருக்கிற வகையறாவில் ஆள் அடையாளம் காட்டுவது தலையாரிக்கும் முடியாது. இந்தியச் சாணி வண்டுகளுக்கு லண்டன் அருங்காட்சியகத்து கில்பர்ட் ஆரோ 1931இல் எழுதிய தொகுப்புதான் இன்றும் பிடிமானம். அதில் 'கவசத்தின் புள்ளிகள் நெருக்கமா, தள்ளியா', 'புள்ளிகள் வட்டமா, பிறையா' என்று கேள்விமேல் கேள்வியாகப் படி இறங்க வேண்டும். ஏழெட்டுப் படி இறங்கியதும் என் லென்ஸ் கை விட்டது. கடைசிப் படியில் ஆணின் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்து அதன் வடிவத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள் நிபுணர்கள். வெளியே அச்சாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இனம் அங்கே வேறுபடும்.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து, கொம்பனையும் முடிக்காரனையும் பேப்பரில் மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டு எங்கள் ப்ரொஃபைல் ப்ரொஜெக்டரில் ஏற்றினேன். பொருளின் நிழலைப் பெரிதாக்கித் திரையில் காட்டும் கருவி அது. வழக்கமாக போல்ட்டின் மரை தெரிகிற திரையில் நாலு பல் மண்வெட்டியும் வளைந்த கொம்பும் ஒரு அடி நீளத்துக்கு எழுந்து நின்றன. பின்னால் வந்து நின்ற மேற்பார்வையாளர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எந்தக் கஸ்டமர் பீஸ்ங்க இது?" என்றார். சொன்னதும் திட்டுவார் என்று நினைத்தேன். கொம்பின் வளைவு ஆரத்தை அளக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ராத்திரியில் எங்கள் வாசல் பல்புக்கு வரும் பழுப்பு வண்டு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மேல் சிறகு வெல்ல நிறம், கழுத்துக் கவசம் அதைவிட இருட்டு. ஆணுக்குத் தலையின் பின்னால் சின்னதாக இரண்டு கொம்பு. இதைப் பார்த்ததும் ஃபாப்ரிசியஸ் 1787இல் கெஸல்லா என்று மானின் பெயர் வைத்த வண்டு ஞாபகம் வந்தது. நெடுநாள் ஆந்தோஃபேகஸ் கெஸல்லா என்று இருந்து, பிறகு டிஜிட்டான்தோஃபேகஸ் என்று தனிக்குடித்தனம் போனது. ஆப்பிரிக்காவில் அந்த ஒரே இனம்தான் என்று நினைத்திருந்த கூட்டத்தை 2017இல் பிரித்துப் பார்த்தபோது உள்ளே பல இனங்கள் இருந்தன. படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. எண்ணுவதில் நான் மட்டும் தப்பு செய்யவில்லை.

இந்த கெஸல்லா ஆஸ்திரேலியா போன கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அங்கே மாடு வந்தது 1788இல் வெள்ளைக்காரர்களோடு. அந்த மண்ணின் வண்டுகள் கங்காருவின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை, ஈரமான மாட்டுச் சாணியை அவை பெரிதாகத் தொடவில்லை. சாணி அப்படியே காய்ந்து மேய்ச்சலை மூடியது, ஈ பெருகியது. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போர்னெமிஸா என்பவர் இதைப் பார்த்து, வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவரலாம் என்று யோசனை சொல்ல, 1968இல் கெஸல்லாவை அங்கே விட்டார்கள். பிடித்துக்கொண்டது. எங்கள் புளியமரத்தடியில் ஒரு நாளில் கூலியில்லாமல் நடக்கிற வேலைக்கு அங்கே ஒரு திட்டமே போட வேண்டியிருந்தது.

ஆடி மாசம் ஜெர்சி மாடுகளுக்குக் குடற்புழு ஊசி போட்டார்கள். அடுத்த வாரங்களில் ஜெர்சியின் சாணியைப் பிளந்தால் வண்டு இருந்தது, வெள்ளைப் புழு கண்ணில் படவே இல்லை. ஊசி போடாத எருதின் சாணிக்கடியில் இருந்தது. ஐவர்மெக்டின் வகை மருந்து மாட்டின் சாணியில் வெளியேறி அதில் வளரும் வண்டுப் புழுக்களைக் கொல்கிறது என்று 1980களிலிருந்தே எழுதியிருக்கிறார்கள். எங்கள் மாட்டுக்குப் போட்டது அந்த வகையா என்று நான் கேட்டு வைக்கவில்லை. ஒரு எருது, இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருகிற ஆளும் இல்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "மாட்டுக்குப் புழு எடுக்காம விட முடியுமாடா" என்றார். அதுவும் சரிதான். ஊசி போட்ட மாட்டின் சாணியைச் சில நாளைக்குத் தனியாக எருக்குழியில் போடுவது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். அள்ளுவது அம்மா என்பதால் முடிவு இன்னும் அமலுக்கு வரவில்லை.

நல்ல மாதிரிகளை எல்லாம் மிட்டாய் டப்பா ஒன்றில் தெர்மாகோல் வைத்து, ஊசி குத்தி, கீழே லேபிள் ஒட்டினேன். ஊர், தேதி, புளியமரத்தடி, எருதுச் சாணி, பெயர். பெயர் என்ற இடத்தில் 'ஆந்தோஃபேகஸ்' என்று எழுதி, அடுத்த வார்த்தைக்கு இடம் விட்டிருந்தேன். என்றாவது தெரிந்தவர் யாராவது பார்த்துச் சொன்னால் நிரப்பலாம் என்று. பரணில் வைத்துவிட்டு ஓசூர் போய்விட்டேன். ஓவர்டைம், அப்புறம் தீபாவளி, மூன்று மாதம் ஏறிப் பார்க்கவில்லை. நாப்தலீன் உருண்டை போட வேண்டும் என்று படித்திருந்தேன். போடவில்லை.

கார்த்திகையில் டப்பாவை இறக்கினேன். மூடியின் இடுக்கில் சிற்றெறும்பு வரிசை. உள்ளே ஊசிகள் நின்றன, லேபிள்கள் சுத்தமாக இருந்தன. வேட்டிக்காரன் இல்லை. அரிசி இருந்த இடமே தெரியவில்லை. முடிக்காரன் இருவரில் ஒருவனுடைய மேல் சிறகு ஒன்று மட்டும். டப்பாவின் மூலையில் கழன்று கிடந்தது ஒரு கொம்பன் தலை, கொம்பு முறியாமல்.

ஆயா எட்டிப் பார்த்தார். "எத்தன வகைடா மிச்சம்?" என்றார்.